வாசுதேவன் நடிக்கப் போனது – ஒரு கடிதமும் பதிலும்

வணக்கம் அக்கா,

போன தீபாவளிக்கு எழுதுன கட்டுரையில மலேசியா வாசுதேவனைப் பத்தி ரெண்டே வரி எழுதி "நம்ம கிள்ளான்காரரு"ன்னு முடிச்சிட்டீங்க. எங்க அம்மாவுக்கு அவரு பாட்டுன்னா உசுரு. போன வாரம் ரெண்டு பேரும் உக்காந்து ஒரு கைதியின் டைரி பார்த்தோம், அதுல வர்ற அந்த அரசியல்வாதி வில்லன் அவருதான்னு தெரிஞ்சதும் எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. பூங்காற்று திரும்புமா பாடுனவரா இதுன்னு அம்மாவ கேட்டா அவங்க பதிலே சொல்லல. என் கூட்டாளிங்க சொல்றாங்க, பேசாம பாட்டோட நின்னிருந்தா எங்கயோ போயிருப்பாரு, நடிக்கப் போயி குரலை வீணாக்கிட்டாருன்னு. நீங்க என்ன நினைக்கிறீங்க?

ம., பெஸ்தாரி ஜெயா

அன்பு தம்பி,

ஊர் பேர பார்த்ததும் உடனே பதில் எழுதணும்னு தோணிருச்சு. எனக்கு அது இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தைதான், 2007ல பேர மாத்துனாங்க, ஆனா வாயில வர மாட்டேங்குது. அந்த ஊரைச் சுத்தி இருந்த தோட்டங்கள்ல ஒண்ணுலதான் நான் பொறந்தேன், எங்கப்பா பால்மரம், அதான் ரப்பர் மரம், வெட்டுனவரு. அங்க இருக்க தென்னமரம் தோட்டத்துலதான் 1917ல இந்த நாட்டுலயே மொத மொதல்ல வியாபாரத்துக்குன்னு செம்பனை, அதான் எண்ணெய்ப் பனை, நட்டாங்க, அது உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். எங்க தோட்டத்துலயும் பால்மரம் போயி செம்பனை வந்தப்பதான் நாங்க தோட்டத்து வரிசை வீடான லயத்த விட்டு தாமானுக்கு, அதான் வெளிய இருக்க குடியிருப்புக்கு, வந்தோம். சரி அது வேற கதை.

உங்க கூட்டாளிங்க சொல்றதுல எனக்கு எங்க இடிக்குதுன்னா, அவங்க வாசுதேவன பாட்டுக்காரரா வச்சிட்டு அப்புறம் நடிக்க அனுப்புறாங்க. நடந்தது அப்படி இல்ல. 1944 ஜூன் 15, ஜப்பான்காரன் காலத்துல, கிள்ளான் பக்கம் மலையாளக் குடும்பத்துல பொறந்தவரு, இங்கயே தமிழ் நாடகக் குழுவுல முக்கியப் பாடகரா இருந்துட்டு சினிமாவுக்குன்னு மெட்ராஸ் போனவரு. நாடகத்துல பாடுறதுன்னா என்னன்னு இப்ப உள்ள பிள்ளைங்களுக்கு தெரிய வாய்ப்பில்ல தம்பி, அதனால கொஞ்சம் சொல்லிடுறேன்.

எங்க தோட்டத்துல மாரியம்மன் திருவிழாவுக்கு நாடகம் போடுவாங்க. தோட்டத்து ஆபீஸ் கிராணி ஒருத்தரு கதை எழுதுவாரு, ரெண்டு மாசம் ஒத்திகை நடக்கும், பால் ஸ்டோருக்குப் பின்னாடி, வேலை முடிஞ்சு குளிச்சிட்டு வந்து ராத்திரி பத்து மணி வரைக்கும். கதாநாயகனா யார போடுவாங்கன்னா பார்க்க லட்சணமா இருக்க பையன, அவனுக்கு பாட்டு வராது. எங்கப்பாவுக்கு கரகரன்னு பெரிய குரலு, கருத்த உருவம், கண்ணு வேற செவப்பா இருக்கும், அதனால அவருக்கு எப்பவும் வில்லன் வேஷம்தான். ஆனா அந்த பையனுக்கு பாட்டு வர்ற இடத்துல அப்பாதான் சேலைத் திரைக்குப் பின்னாடி ஆர்மோனியத்துப் பக்கத்துல குந்திக்கிட்டு பாடுவாரு, வில்லன் மீசையோட, காதல் பாட்டு. பாடி முடிச்சதும் எந்திரிச்சு இந்தப் பக்கம் வந்து அதே பையன அடிக்கணும். நான் திரைக்குப் பின்னாடி நின்னு ரெண்டையும் பார்த்திருக்கேன், அந்த முகம் மாறுறத பார்த்திருக்கேன். மறுநாள் காலையில வேலைக்கு பேர் கூப்பிடுற பெரட்டுல அவரப் பார்த்து சின்னப் பிள்ளைங்க ஓடும்.

அதனாலதான் குரல் ஹீரோவுக்கும் முகம் வில்லனுக்கும் போறது எனக்கு ஆச்சரியமாவே இல்ல. இந்த மண்ணுல இன்னொருத்தரும் அப்படித்தான் தொடங்குனாரு, மலாய் சினிமாவோட பெரிய நட்சத்திரம் பி. ரம்லி. பினாங்குல பொறந்தவரு, 1948ல புக்கிட் மெர்தாஜாம்ல பாடிக்கிட்டு இருந்தவர டைரக்டர் பி.எஸ். ராஜ்ஹான்ஸ் பார்த்துட்டு சிங்கப்பூர் ஸ்டூடியோவுக்கு கூப்பிட்டாரு, மொத படம் சிந்தா, அதுல ஹீரோவுக்குப் பின்னணி பாடிட்டு படத்துல வில்லனா வந்தாரு. அப்புறம் அவரு எங்க போயி நின்னாருன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. அவரு நடிக்கப் போயி குரல வீணாக்கிட்டாருன்னு எந்த மலாய்க்காரராவது சொல்லி கேட்டிருக்கீங்களா?

இப்ப பாட்டுக்கு வர்றேன். மெட்ராஸ்ல இளையராஜா சகோதரர்களோட பாவலர் பிரதர்ஸ் கச்சேரியில பாடிக்கிட்டு இருந்தவருக்கு 1977ல 16 வயதினிலே கிடைச்சது, எஸ்பிபிக்கு அப்ப தொண்டை சரியில்லாம போனதால வந்த வாய்ப்புன்னு சொல்வாங்க. ஆட்டுக்குட்டி முட்டையிட்டு பாட்ட ஹெட்போன் போட்டு ஒரு தடவை கேளுங்க. அது யாருக்கு பாடுனது, சப்பாணிக்கு. கோமணத்தோட காலை இழுத்து நடக்கிற, ஊரே கேலி பண்ற ஒருத்தன் சந்தோஷத்துல பாடுறான். நல்ல பாடகரு யாரு பாடியிருந்தாலும் பாட்டு நல்லா இருந்திருக்கும், ஆனா சப்பாணி அதுல இருந்திருப்பானா? வாசுதேவன் பாடுறப்ப அந்த வெகுளித்தனம் குரல்லயே இருக்கு. மூணு வருஷம் கழிச்சு முரட்டுக்காளையில பொதுவாக எம்மனசு தங்கம், அங்க ரஜினி, அது வேற ஆளு, நெஞ்ச நிமித்திக்கிட்டு பாடுற குரலு. மைக் முன்னாடி நிக்கிறப்பவே அவரு வேஷம் கட்டிட்டாரு தம்பி, கேமராவுக்கு முன்னாடி வந்தது அப்புறம்தான்.

நீங்க பார்த்த படமும், பூங்காற்று திரும்புமா வர்ற முதல் மரியாதையும் ஒரே வருஷம், 1985, ரெண்டும் பாரதிராஜா. ஒரு கைதியின் டைரிய எங்க லயத்துல வீடியோ டேப்புல பார்த்தோம், வீடியோ வச்சிருந்த வீடு ஒண்ணுதான், வாசல் வரைக்கும் கூட்டம். தலைவர்னு தெய்வமா நம்புன தொண்டனோட குடும்பத்தையே அழிக்கிற அந்த ஆள பார்த்து பொம்பளைங்க எல்லாம் சாபம் விட்டாங்க, எங்கம்மாதான் ரொம்ப. அப்பா மட்டும் ஒண்ணும் பேசாம பார்த்துக்கிட்டே இருந்தாரு. சில மாசம் கழிச்சு முதல் மரியாதை கேசட் வந்துச்சு. பூங்காற்று திரும்புமா ஓடுறப்ப அம்மா அடுப்புக்கு முன்னாடி உக்காந்து அழுதாங்க, ஏன்னு நாங்க கேக்கல, அம்மாவுக்கு அவங்க காரணம் இருந்துச்சு. அப்ப அப்பா சொன்னாரு, "நீ அன்னிக்கு திட்டுனியே, அவன்தான் பாடுறான்"னு. அம்மா நம்பவே இல்ல. "சும்மா இருங்க, இது சிவாஜி பாடுற மாதிரில்ல இருக்கு"ன்னாங்க.

அம்மா சொன்ன அந்த ஒரு வார்த்தைய நான் இத்தனை வருஷமா யோசிச்சிட்டு இருக்கேன். சிவாஜிக்கு டிஎம்எஸ் குரல்னு ஊர் காது பழகிப் போயிருந்த காலம் அது. வாசுதேவன் டிஎம்எஸ் மாதிரி பாட முயற்சி பண்ணவே இல்ல, வயசாகிப் போன ஒரு பெரிய மனுஷன், வீட்டுல நிம்மதி இல்லாதவரு, தனியா இருக்கப்ப தனக்குத்தானே பேசிக்கிற மாதிரி பாடுனாரு. அதனாலதான் எங்கம்மாவுக்கு அது சிவாஜியே பாடுற மாதிரி கேட்டுச்சு. அதே வருஷக் கடைசியில படிக்காதவன்ல ஒரு கூட்டுக் கிளியாக, அதுவும் சிவாஜிக்கு இவருதான். ஒரு கெட்டவனுக்குள்ள பூந்து வெளிய வர தெரிஞ்சவருக்குத்தான் அந்த பெரிய மனுஷனுக்குள்ளயும் பூந்து வர தெரியும்னு நான் உறுதியா நம்புறேன்.

90க்கு அப்புறம் பாட்டு கொறைஞ்சது உண்மை, அத மறைக்க மாட்டேன். ஆனா அதுக்கு நடிப்ப மட்டும் காரணம் சொல்றது சரியில்ல, புதுக் குரலுங்க நிறைய வந்த காலம் அது, அவரு வயசு ஆளுங்க பல பேருக்கு கொறைஞ்சுச்சு. அப்பவும் 1993ல கிழக்குச் சீமையிலேவுக்கு ஏ.ஆர். ரஹ்மான் அவரத்தான கூப்பிட்டாரு. நடுவுல 1980ல சாமந்திப் பூவுக்கு மியூசிக் போட்டாரு, 1991ல நீ சிரித்தால் தீபாவளின்னு ஒரு படம் டைரக்ட் பண்ணாரு. எல்லாத்தையும் செஞ்சு பார்க்கணும்னு நெனச்ச மனுஷன். 2011 பிப்ரவரி 20 சென்னையில இறந்தாரு, 66 வயசு. மகன் யுகேந்திரனும் பாடகரா வந்து பூவெல்லாம் உன் வாசம்ல வில்லனா நடிச்சவரு, அத அப்பா பார்த்திருந்தா விசில் அடிச்சிருப்பாரு. எங்கப்பாவ சொல்றேன், அவரு அதுக்கு முன்னாடியே போயிட்டாரு.

தம்பி, உங்ககிட்ட ஒரு உதவி. உங்க ஊருல, பக்கத்து தோட்டங்கள்ல, அந்தக் காலத்துல நாடகம் போட்ட ஆளுங்க இன்னும் சில பேரு இருப்பாங்க, எழுபது எம்பது வயசுல. திரைக்குப் பின்னாடி யாரு பாடுனாங்கன்னு கேளுங்க. பாடச் சொல்லி போன்ல ரெகார்ட் பண்ணி எனக்கு அனுப்புங்க, குரல் நடுங்குனாலும் பரவால்ல. அம்மாவையும் கூட்டிட்டு போங்க, யாரு எந்த லயத்துல இருந்தாங்கன்னு அவங்களுக்குத்தான் தெரியும்.

அன்புடன்,
அக்கா