வெள்ளிக் காசு ஏன் வெள்ளை வட்டமாகிறது?

கேள்வி: தாத்தா சேர்த்து வைத்த பழைய காசுகளைப் படம் எடுத்து வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். கறுப்புத் துணியில் வைத்த வெள்ளிக் காசு வெறும் வெள்ளை வட்டமாக வருகிறது. வெள்ளைத் தாளில் வைத்த செப்புக் காசோ கரிக்கட்டை. இதற்கென்று தனியாகக் கேமரா வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம், காசைப் படமெடுக்கக் காசைக் கொட்ட வேண்டியதில்லை. உங்கள் போனே போதும், அது செய்யும் தப்புக்குக் காரணம் நீங்கள் விரித்த துணியும் தாளும்தான். கேமரா படத்துக்குள் விழும் இடம் முழுவதையும் பார்த்து, சராசரியாக ஒரு நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். சுற்றிலும் கறுப்பு என்றால் ‘இருட்டாக இருக்கிறதே’ என்று வெளிச்சத்தைக் கூட்டும், வெள்ளி வெளுத்துவிடும். சுற்றிலும் வெள்ளை என்றால் குறைக்கும், செம்பு கருகிவிடும். சாம்பல் நிற அட்டை ஒன்றை விரியுங்கள். திரையில் காசின் மேல் விரலை வைத்து அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான போன்களில் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும், அப்புறம் வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழே இழுத்துவிடுங்கள்.

அடுத்தது விளக்கு, பாதி வேலை இங்கேதான். ஃபிளாஷ் வேண்டாம். அறை விளக்கையும் அணைத்து ஜன்னலையும் மூடிவிடுங்கள், மஞ்சள் பல்பும் பகல் வெளிச்சமும் கலந்தால் வெள்ளி ஒரு பக்கம் மஞ்சளாகவும் மறுபக்கம் நீலமாகவும் தெரியும். ஒரே ஒரு மேசை விளக்கு போதும். காசைக் கடிகார முகப்பாக நினைத்துக்கொண்டு பத்து, பதினொரு மணி இருக்கும் பக்கத்திலிருந்து வெளிச்சம் விழட்டும். கீழ்ப்பக்கத்திலிருந்து விழுந்தால் ஒரு வேடிக்கை நடக்கும்: வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்று பழகிய நம் மூளை, புடைத்திருக்கும் முகத்தைக் குழிந்ததாகக் காட்டிவிடும். விளக்கைத் தாழ்த்தினால் தேய்ந்த எழுத்துகூட எழுந்து நிற்கும், ஆனால் கண்ணுக்கே தெரியாத கீறலும் பள்ளத்தாக்கு மாதிரி தெரியும். உயர்த்தினால் நிறமும் மினுமினுப்பும் வரும். காசை அசைக்காமல் விளக்கை மட்டும் நகர்த்தி, திரையைப் பார்த்துக்கொண்டே இருங்கள், மூக்கும் எழுத்தும் தெளிவாக வரும் இடத்தில் நிறுத்துங்கள். வெளிச்சம் குத்தினால் நடுவே ஒரு டிரேசிங் பேப்பர் பிடிக்கலாம். நாலு பக்கமும் வெள்ளைத் தாள் கட்டிக் கூடாரம் போடுகிறவர்கள் உண்டு, எனக்கு அது பிடிக்காது, காசின் உயிரே அந்த மினுமினுப்புதான், கூடாரத்துக்குள் அது அட்டையில் வெட்டிய பொம்மை மாதிரி ஆகிவிடுகிறது.

போனை ரொம்பக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். நிழல் விழும், சில போன்கள் தானாகவே அகலக் கோண லென்ஸுக்கு மாறிக் காசின் உருவத்தைக் கோணலாக்கும். கொஞ்சம் தள்ளி, 2 மடங்கு பெரிதாக்கி எடுத்து, ஓரத்தை அப்புறம் வெட்டிக்கொள்ளலாம். புத்தக அடுக்கின் மேல் போனை வைத்து லென்ஸ் மட்டும் வெளியே நீட்டியபடி 2 நொடி டைமர் போட்டால் கை நடுக்கம் பிரச்சினை இல்லை. நேராக இருக்கிறதா என்று பார்க்க, காசு வைக்கும் இடத்தில் ஒரு சின்னக் கண்ணாடியை வையுங்கள்; லென்ஸின் பிம்பம் திரையின் நடுவில் தெரிந்தால் சரி.

கேள்வி: ப்ரூஃப் நாணயத்தை, அதாவது சேகரிப்பவர்களுக்கென்று கண்ணாடி போலப் பளபளப்பாக அச்சிடும் காசைப் படமெடுத்தால் போனும் என் முகமும்தான் தெரிகிறது!

பதில்: பளபளப்பான தளம் எதிரே இருப்பதைத்தானே காட்டும்? எதிரே கறுப்பை வைத்துவிடுங்கள். கறுப்பு அட்டையில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு, போனுக்கு முன்னால் ஒட்டி, விளக்கைப் பக்கவாட்டில் வையுங்கள். தளம் கறுப்பாகிவிடும், உருவம் வெண்மையாக மேலே நிற்கும்.

கேள்வி: படமெடுப்பதற்கு முன் தேய்த்துப் பளபளப்பாக்கலாமா?

பதில்: கூடவே கூடாது! சேகரிப்பவர்கள் தேய்த்த காசை ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்கள், மதிப்பும் இறங்கிவிடும். தூசி இருந்தால் ரப்பர் பம்பால் ஊதுங்கள், வாயால் ஊதினால் எச்சில் தெறித்து நாளடைவில் புள்ளி விழும். விளிம்பை மட்டும் பிடியுங்கள், கீழே மெத்தென்று ஒரு துணி இருக்கட்டும். பள்ளி நாளில் நான் ஆசையாகத் தேய்த்த செப்புக் காசு ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது, எந்த விளக்கில் வைத்தாலும் ரோஸ் நிறத்தில்தான் வருகிறது.