கடிகாரத்தின் பின்பக்கம்

அன்புள்ள ஐயா,

சென்ற வாரம் இயந்திரக் கைக்கடிகாரங்களின் கண்காட்சி ஒன்றுக்கு மகளை அழைத்துப் போயிருந்தேன். இருட்டான கூடம், வரிசையாகக் கண்ணாடிப் பெட்டிகள், பெட்டிக்கு ஒரு விளக்கு, ஒரு கடிகாரம். பாதிக்கு மேல் ஓடவே இல்லை. "இதெல்லாம் ரிப்பேராப்பா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. வெளியே வரும்போது கசப்புதான் மிஞ்சியது. வசதி படைத்தவர்கள் கையில் கட்டிக்கொள்ளும் நகையை எதற்காகக் கலை என்று கொண்டாட வேண்டும்? என் கைபேசி இவை எல்லாவற்றையும்விடச் சரியாக நேரம் காட்டுகிறது. கைத்தொழில்களைப் பற்றித் தொடர்ந்து எழுதுகிறீர்கள், அதனால் உங்களிடம் கேட்கத் தோன்றியது.

அன்புடன்,
ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் மகளின் கேள்வி. ரிப்பேர் இல்லை, வேண்டுமென்றே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கடிகாரத்துக்குள் சக்கரங்களின் அச்சு சுழலும் இடங்களில் துளித்துளியாக எண்ணெய் விட்டிருப்பார்கள். நாளாக ஆக அது காய்ந்து கெட்டியாகிவிடும். அந்த நிலையில் ஓடவிட்டால் ஊசிமுனை போன்ற அச்சுகள் தேயும். அவ்வளவு பழைய பொருளுக்கு மாற்றுப் பாகம் கடையில் கிடைக்காது, ஒருவர் உட்கார்ந்து புதிதாகக் கடைந்துதான் போட வேண்டும். அதனால்தான் பழைய கடிகாரங்களை அப்படியே ஓய்வில் விட்டுவிடுகிறார்கள்.

ஆனாலும் ஒன்றாவது ஓட வேண்டும் என்பது என் கட்சி. ஸ்விட்சர்லாந்தின் நியூஷாடெல் அருங்காட்சியகத்தில் கடிகாரத்தைப் போலவே வில்லும் சக்கரங்களும் ஓட்டும் ஒரு எழுதும் பொம்மை இருக்கிறது. ஜாக்கே ட்ரோ என்ற கடிகாரத் தொழில் குடும்பத்தினர் 1768க்கும் 1774க்கும் இடையில் செய்தது, ஏறக்குறைய 6,000 பாகங்கள். ஒரு சிறுவன் இறகை மையில் தொட்டு, உதறி, தாளில் எழுதுகிறான். கை போகும் வழியே கண்ணும் போகிறது. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அதை மக்கள் முன்னால் ஓட்டிக் காட்டுகிறார்கள். அதைப் பார்த்த குழந்தை எதுவும் 'இது ரிப்பேரா' என்று கேட்காது.

சரி, கைபேசி. நீங்கள் சொல்வது உண்மை, அதில் வாதாட ஒன்றுமில்லை. குரோனோமீட்டர் என்று சான்று பெறும் நல்ல இயந்திரக் கடிகாரத்துக்கே ஒரு நாளைக்கு 4 விநாடி பின்தங்கவும் 6 விநாடி முந்தவும் அனுமதி உண்டு. பேட்டரியில் ஓடும் சாதாரண குவார்ட்ஸ் கடிகாரத்தில் ஒரு படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. இயந்திரக் கடிகாரத்தில் இங்கும் அங்கும் ஆடி நேரத்தை எண்ணும் பேலன்ஸ் சக்கரம் பெரும்பாலும் விநாடிக்கு எட்டு முறைதான் அடிக்கும். ஆனால் கைபேசி தன் நேரத்தை வெளியிலிருந்து அவ்வப்போது கேட்டுத் திருத்திக்கொள்கிறது. இந்தச் சின்ன இயந்திரக் கடிகாரம் யாரிடமும் கேட்பதில்லை. சாவி கொடுத்துச் சுருட்டிய ஒரு வில் விரிகிறது, அவ்வளவுதான் அதன் சக்தி. கை மேலே போனாலும் கீழே வந்தாலும், வெயிலானாலும் குளிரானாலும் அது தன் எண்ணிக்கையை விடாமல் வைத்திருக்க வேண்டும். சூட்டில் உலோகத்தின் விறைப்பு மாறும், பேலன்ஸ் சக்கரத்தை ஆட்டும் மெல்லிய வில்லின் துடிப்பும் மாறும். அப்படி மாறாத ஒரு கலவை உலோகத்தைக் கண்டுபிடித்த ஷார்ல் எடுவார் கியோம் கடிகாரத் தொழில் குடும்பத்தில் பிறந்தவர். நிக்கல் எஃகுக் கலவைகளில் அவர் கண்டதற்காக 1920இல் இயற்பியல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

நகை என்றீர்களே, அங்கேதான் எனக்கு வருத்தம். தச்சு வேலை செய்துகொண்டிருந்த ஜான் ஹாரிசன் தன் வாழ்நாளில் பல பத்தாண்டுகளைக் கடலில் வழி தவறாமல் இருக்க உதவும் ஒரு கடிகாரத்துக்காகவே செலவிட்டார். கப்பல் கிழக்கு மேற்காக எங்கே இருக்கிறது என்று தெரிய, புறப்பட்ட இடத்தில் இப்போது மணி என்ன என்று தெரிந்தாக வேண்டும். தெரியாமல் பாறையில் மோதி எத்தனையோ பேர் செத்தார்கள். அவர் செய்த நான்காவது கடிகாரம் 1761 கடைசியில் ஜமைக்காவுக்குப் புறப்பட்டது. அங்கே போய்ச் சேர்ந்தபோது கணக்கில் பிசகு ஏறக்குறைய 5 விநாடிதான். கிரீனிச் வானாய்வுக்கூடத்தில் இன்றும் அதைப் பார்க்கலாம்.

இன்னொன்றும் சொல்கிறேன். பாரிஸில் பிரெகே என்ற கடிகாரக் கலைஞரின் பட்டறைக்கு 1783இல் பிரெஞ்சு அரசி மாரி அந்துவானெத்துக்காக ஒரு கடிகாரம் செய்யச் சொல்லி வேலை வந்தது. அன்றைக்குத் தெரிந்த நுட்பங்கள் எல்லாம் அதில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 1793இல் அரசியின் தலை போனது. 1823இல் பிரெகேயும் இறந்தார். கடிகாரம் முடிந்தது 1827இல். வாங்க வேண்டியவளும் இல்லை, தொடங்கியவரும் இல்லை, ஆனால் பட்டறையில் இருந்தவர்கள் வேலையைப் பாதியில் போடவில்லை. அந்தக் கைகளுக்கு அது யாரிடம் போகும் என்பது முக்கியமாக இருந்திருக்காது என்றே நம்புகிறேன்.

உங்கள் கசப்பில் எனக்கும் பங்கு உண்டு. பல கண்காட்சிகளில் இன்ன பிரபலம் கட்டியது, இத்தனைக்கு ஏலம் போனது என்று எழுதி வைக்கிறார்கள். டயலைத் தீட்டியவர் யார், திருகைப் பளபளப்பாக்கியவர் யார் என்று ஒரு வரி இருக்காது. வைரம் பதித்த பெட்டிகள் முன்னால் நான் நிற்பதே இல்லை. நேராக மேசை எங்கே என்று தேடுவேன். நல்ல கண்காட்சியில் ஒரு மூலையில் வேலை மேசை போட்டு ஒருவரை உட்கார வைத்திருப்பார்கள்.

அப்படி ஒரு மேசை முன்னால் அரை மணி நேரம் நின்றிருக்கிறேன். ஒரு பெண் திருகுக்கு நீலம் ஏற்றிக்கொண்டிருந்தார். சாயம் இல்லை, வெறும் சூடு. கண்ணாடி போலத் தேய்த்த எஃகுத் திருகு, அரிசியில் கால்வாசி இருக்கும். பித்தளைத் தூள் பரப்பிய தட்டில் அதைச் சாமணத்தால் நட்டு, அடியில் ஸ்பிரிட் விளக்கைக் காட்டினார். முதலில் வைக்கோல் மஞ்சள் வந்தது. அப்புறம் பழுப்பு. பிறகு ஊதா. ஊதா கறுத்து ஆழ்ந்த நீலமாகும் அந்த நொடியில் சட்டென்று எடுத்துவிட்டார். சூடு சுமார் 300 டிகிரி. ஒரு கணம் தாமதித்தால் நீலம் வெளுத்துச் சாம்பலாகிவிடும், மறுபடி முதலிலிருந்து தேய்க்க வேண்டும். விரல் ரேகை பட்டிருந்தாலும் அந்த இடத்தில் நிறம் பிடிக்காது. ஒரு கடிகாரத்துக்கு இப்படிப் பத்துப் பதினைந்து திருகு, எல்லாம் ஒரே நீலம். மூன்றாவது திருகை அவர் லென்ஸ் வைத்துப் பார்த்தார், தலையை ஆட்டினார், ஒதுக்கிப் போட்டார். எனக்கு மற்ற இரண்டுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை.

அவர் பக்கத்தில் ஒருவர் உள்தகடு ஒன்றின் விளிம்பைச் சாய்வாக அரம்போட்டுக்கொண்டிருந்தார். வெளி வளைவுகளை இயந்திரம் செய்துவிடும். இரண்டு சாய்வுகள் உள்நோக்கிக் கூர்மையாகச் சேரும் மூலையை மட்டும் சுழலும் கருவி எதுவும் தொட முடியாது, அதன் உருண்டை நுனி மூலையையும் உருட்டிவிடும். அதைக் கையால்தான் செய்ய வேண்டும். கடைசி மெருகுக்கு ஜென்ஷியன் என்ற மலைச்செடியின் காய்ந்த தண்டைக் குச்சியாகச் சீவி, பசை தொட்டுத் தேய்க்கிறார்கள். இவ்வளவும் டயலுக்குப் பின்னால், மூடியைத் திறக்கிறவர் மட்டுமே பார்க்கும் இடத்தில்.

1969 டிசம்பர் 25 அன்று ஜப்பானில் சீகோ முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு அடுத்த பதினைந்து இருபது வருடங்களில் ஸ்விட்சர்லாந்தில் மட்டும் சுமார் 90,000 பேர் இருந்த தொழிலில் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சியது. அந்த வெள்ளத்தின் நடுவே இங்கிலாந்தில் ஜார்ஜ் டேனியல்ஸ் தன் பட்டறையில் தனியாக உட்கார்ந்து, பெட்டி, டயல், முள், சக்கரம் என்று முழுக் கடிகாரத்தையும் கையாலேயே செய்துகொண்டிருந்தார். வழக்கமாக இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தொழிலாளிகள் உண்டு. சக்கரங்களை ஒவ்வொரு பல்லாக விடுவிக்கும் உறுப்புக்கு எஸ்கேப்மென்ட் என்று பெயர்; அவர் வடிவமைத்த கோ-ஆக்சியல் வகை எஸ்கேப்மென்ட்டை ஒரு பெரிய நிறுவனம் 1999இல் தன் கடிகாரங்களில் போட்டது. இயந்திரக் கடிகாரம் செய்யும் கைத்திறனை 2020இல் யுனெஸ்கோ மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது. நல்லது. ஆனால் கண்காட்சியில் மேசை இல்லையென்றால், அந்த வேலையில் கைவைக்க ஆசைப்படும் ஒரு பிள்ளைக்கு அது தெரியாமலே போகும்.

ஆகவே மகளை மறுபடி அழைத்துப் போங்கள். மேசை இருக்கிறதா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். கண்ணில் வைக்கும் லென்ஸைக் கேட்டு வாங்கி, ஓடும் கடிகாரம் ஒன்றின் பின்பக்கத்தை அவளுக்குக் காட்டுங்கள். ஹேர் ஸ்பிரிங் என்ற அந்த மெல்லிய வில் மூச்சு விடுவது போல விரிந்து சுருங்குவதை அவளே பார்க்கட்டும். கேட்கும்போது நேரத்தை மணியடித்துச் சொல்லும் மினிட் ரிப்பீட்டர் வகைக் கடிகாரம் இருந்தால், முள்ளைப் பன்னிரண்டு ஐம்பத்தொன்பதில் வைத்து அடித்துக் காட்டச் சொல்லுங்கள். தாழ்ந்த ஒலியில் பன்னிரண்டு அடி மணிக்கு, தாழ்வும் உயர்வுமாக மூன்று ஜோடி கால்மணிகளுக்கு, உயர்ந்த ஒலியில் பதினான்கு அடி மிச்ச நிமிடங்களுக்கு. எண்ணுவதை அவளிடம் விட்டுவிடுங்கள்.

அன்புடன்.