புடவை கட்டி நின்றாயிற்று, கையை எங்கே வைப்பது?

கேள்வி: வீட்டிலிருந்தே புடவை விற்கிறேன். மாடல் வைக்கக் கட்டுப்படியாகாது. நானே கட்டிக்கொண்டு, மகளைப் போனில் எடுக்கச் சொல்லி இன்ஸ்டாகிராமில் போடுகிறேன். கண்ணாடியில் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது. படத்தில் மட்டும் பாஸ்போர்ட் போட்டோவுக்கு நிற்பவள் மாதிரி விறைத்துவிடுகிறேன். ஐந்தடி ஒரு அங்குலம் இருக்கிறேன். படத்தில் நாலரை அடிதான் தெரிகிறது. கை தடிமனாகிறது, முகம் என் முகமாகவே இல்லை. எப்படி நின்றால் சரியாக வரும்? — ஒரு வாசகி, ஈரோடு

பதில்: நீங்கள் நிற்பதைப் பிறகு பார்ப்போம். உங்கள் மகள் எங்கே நிற்கிறார் என்பதுதான் முதல் விஷயம். உயரம் குறைவது அங்கேதான்.

போனின் 1x கேமரா பெரும்பாலும், ஃபிலிம் கேமராக் கணக்கில் சொன்னால், 24 முதல் 26 மி.மீ. குவியத்தூரமுள்ள அகலக் கோண லென்ஸ். ஐந்தடி தள்ளி நின்றாலே முழு உருவமும் அடங்கிவிடும் என்பதால் எல்லோரும் அங்கேயே நின்று எடுத்துவிடுகிறார்கள். போனும் கண் உயரத்தில் இருக்கும். அப்போது தலை லென்ஸுக்குப் பக்கத்திலும் பாதம் இன்னும் இரண்டடி தூரத்திலும் இருக்கிறது. பக்கத்தில் இருப்பது பெரிதாகவும், தள்ளி இருப்பது சிறிதாகவும் விழும். தலை பெரிது, கால் குட்டை. நாலரை அடி வந்தது இப்படித்தான்.

மகளைப் பத்தடி பின்னால் போகச் சொல்லுங்கள். 2x வைத்து, போனை உங்கள் தொப்புள் உயரத்துக்கு இறக்கி, முன்னும் பின்னும் சாய்க்காமல் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும். ஒரு முக்காலியில் உட்கார்ந்து எடுத்தால் அந்த உயரம் தானாகவே கிடைக்கும். இடுப்பு வரை மட்டும் போதும் என்றால் அதே 2x-இல் ஐந்தடி தூரம், போன் நெஞ்சு உயரத்தில். 0.5x பக்கமே போக வேண்டாம். ஓரத்தில் இருப்பதையெல்லாம் இழுத்துவிடும். வீட்டில் பத்தடி நீளம் கிடைக்காவிட்டால் வாசற்படிக்கு வெளியே நின்று உள்நோக்கி எடுக்கலாம்.

இனி நிற்பது. இரண்டு காலிலும் சமமாகப் பாரம் போட்டு, நெஞ்சை நேராகக் காட்டி நின்றால் யாரானாலும் விறைப்பாகத்தான் தெரிவார்கள். சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளில் பார்வதி நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். பாரம் ஒரு காலில். இடுப்பு அந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கும், மேலுடம்பு மறுபக்கம் வளைந்திருக்கும், தலை லேசாகச் சாய்ந்திருக்கும். திரிபங்கம் என்பது இதைத்தான். ஒரு கை பூப்பிடிப்பது போல மடங்கியிருக்க, இன்னொன்று உடம்பை ஒட்டாமல் தளர்ந்து தொங்கும். இடுப்புக்கும் அந்தக் கைக்கும் நடுவே ஓர் இடைவெளி தெரியும். உங்கள் கேள்விக்கு அந்த இடைவெளியில் பதில் இருக்கிறது.

மேல்கையை விலாவோடு ஒட்டி வைத்தால் சதை நசுங்கிப் பக்கவாட்டில் பரவும். கை தடிமனாவது அதனால்தான். இரண்டு மூன்று அங்குலம் விலக்கிப் பாருங்கள், கையும் மெலியும், இடுப்பின் கோடும் தெரியும். புறங்கையை அகலமாகக் காட்டாமல் சுண்டுவிரல் பக்கம் கேமராவைப் பார்க்கட்டும். விரல்கள் மல்லிகைச் சரத்தைக் கசங்காமல் பிடிக்கிற அளவுக்கு மடங்கினால் போதும். இடுப்பில் கை வைப்பதென்றால் முழங்கை பின்பக்கம் போக வேண்டும். அது நேராக லென்ஸை நோக்கினால் கை பாதியில் வெட்டினாற்போல் குறுகிவிடும்.

காலுக்கு வருவோம். உடம்பை முப்பது, நாற்பது டிகிரி பக்கவாட்டில் திருப்பி, பாரத்தைப் பின்காலில் போடுங்கள். முன்கால் அரை அடி முன்னால், விரல் கேமராவை நோக்கி, முழங்கால் தளர்ந்து. அதற்கு மேல் எட்டி வைத்தால் கொசுவம் விரிந்து பாவாடை விளிம்பு எட்டிப் பார்க்கும். புடவைப் படத்தில் அதிகம் காணும் கோளாறு இதுதான்.

எந்தப் பக்கம் திரும்புவது என்பதை முகத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், புடவையை வைத்துச் செய்யுங்கள். முந்தி இடது தோளில் என்றால், வலது தோள் கேமராப் பக்கம் வரும்போது மார்புக்குக் குறுக்கே ஏறும் கரையும் புடவையின் உடலும் முழுசாகத் தெரியும், இடுப்பும் மூடியிருக்கும். ரவிக்கையின் கை வேலைப்பாட்டையும், முன்கையில் விரித்த முந்தியையும் காட்ட இடது தோள். முந்திக்கென்று தனிப் படம் வேண்டுமானால் தோள் பின்னை எடுத்துவிட்டு ஒற்றையாக விடுங்கள். முக்கால்வாசி முதுகைக் காட்டி நின்று, இடது தோள் வழியே திரும்பிப் பாருங்கள். கழுத்தில் மடிப்பு விழுந்தால் தலையை இன்னும் திருப்பாதீர்கள், பாதத்தைத் திருப்புங்கள்.

முகத்துக்கு ஒரே ஒரு வேலை: தாடையை ஆமை தலை நீட்டுவது போல அரை அங்குலம் முன்னால் தள்ளி, துளி கீழே இறக்குவது. செய்யும்போது அசட்டுத்தனமாக இருக்கும். படத்தில் தாடைக் கோடு திருத்தமாக விழும். பார்வை லென்ஸில் இருக்கட்டும், திரையில் வேண்டாம். ‘என் முகமாகவே இல்லை’ என்கிறீர்களே, அதற்கு நிற்கும் விதம் காரணமில்லை. தினமும் கண்ணாடியில் இடவலம் மாறிய முகத்தைத்தான் பார்க்கிறீர்கள். படத்தில் மாறாத முகம். 1977-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் உளவியல் ஆய்வில், இரண்டு வகைப் படத்தையும் காட்டியபோது பெண்கள் தங்கள் கண்ணாடி முகத்தையே அதிகம் விரும்பினார்கள். அவர்களுடைய தோழிகளுக்குப் பிடித்தது மாறாத முகம். உங்கள் வாடிக்கையாளர்களும் தோழிகள் பக்கம்தான். ஆகவே எந்தப் படத்தைப் போடுவது என்பதை மகளே தேர்ந்தெடுக்கட்டும்.

விறைப்புக்கு மருந்து அசைவு. ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்று எண்ணினால் மூன்றுக்குள் மூச்சை அடக்கித் தோளை உயர்த்திவிடுவோம். எண்ண வேண்டாம். சின்ன வேலை ஒன்றை மெதுவாக, திரும்பத் திரும்பச் செய்யுங்கள்: முந்தியை முன்கையில் எடுத்துப் போடுவது, கொசுவத்தை நீவிவிடுவது, பின்காலிலிருந்து முன்காலுக்குப் பாரம் மாற்றுவது. மூச்சை வெளியே விடும்போது தோள் இறங்கும். அந்த நேரத்தில் தொடர் படமாக எடுக்கட்டும். இருபதில் இரண்டு தேறினாலே நல்ல கணக்கு.

வெளிச்சத்தைப் பற்றிக் கொஞ்சம். ஜன்னலிலிருந்து மூன்று நான்கு அடி தள்ளி, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி நில்லுங்கள். ஜரிகை மின்னுவதும் நெசவு தெரிவதும் பக்க வெளிச்சத்தில்தான். ஃபிளாஷ் நேராக அடித்தால் ஜரிகை வெள்ளைத் திட்டாகிவிடும். ட்யூப் லைட்டை அணைத்துவிடுங்கள். இரண்டு வெளிச்சம் கலந்தால் புடவையின் நிறம் மாறும், ‘படத்தில் வேறு கலராக இருந்ததே’ என்று புடவை திரும்பி வரும். அழகுபடுத்தும் ஃபில்டரும் வேண்டாம், அது முகத்தோடு நெசவையும் மழுப்பக்கூடும். வெள்ளைச் சுவர் முன்னால் முகம் கறுத்தால், திரையில் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து, வெளிச்சத்தைச் சற்றே ஏற்றினால் சரியாகும்.

மகளிடம் ஒன்று சொல்லிவையுங்கள். எடுக்கும்போது ‘சிரிம்மா’ என்று சொல்ல வேண்டாம். ‘கரையைத் தொடும்மா’, ‘மூச்சை விடும்மா’ என்று சொல்லட்டும்.