கேபினட் வாங்கும் முன் கதவைக் கழற்றிப் பாருங்கள்

தூத்துக்குடியில் 24 ஆண்டுகளாகக் கம்ப்யூட்டர் பழுதுபார்த்துவரும் நம் பத்தியாளர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறார்.

கேள்வி: என் மகள் இந்த ஆண்டு கல்லூரியில் கணினி அறிவியல் சேர்ந்திருக்கிறாள். பாகங்களைத் தனித்தனியாக வாங்கி, வீட்டில் தன் கையாலேயே பூட்ட வேண்டும் என்று ஆசைப்படுகிறாள். ரைசன் 5 5600ஜி பிராசசர், மைக்ரோ ஏடிஎக்ஸ் என்ற அளவிலான மதர்போர்டு, 16 ஜிபி ராம் எல்லாம் வாங்கியாகிவிட்டது. மீதமிருக்கும் 5,000 ரூபாய்க்குள், பாகங்களைப் பூட்டும் பெட்டியான கேபினட்டையும் அவற்றுக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸையும் முடிக்க வேண்டும். எஸ்எம்பிஎஸ் உள்ளேயே பொருத்திய கேபினட்டைக் கடைக்காரர் 2,300 ரூபாய்க்குத் தருகிறார். மகளோ, முன்பக்கமும் பக்கவாட்டிலும் கண்ணாடி வைத்து வண்ண விளக்கு எரியும் கேபினட்தான் வேண்டும் என்கிறாள். எதை வாங்கலாம்? – வாசகி, கோவில்பட்டி

பதில்: அம்மா, இரண்டுமே வேண்டாம்.

கடைக்காரர் காட்டும் 2,300 ரூபாய் கேபினட்டின் தகட்டைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. உள்ளே இருக்கும் எஸ்எம்பிஎஸ்தான் என் கவலை. அதன்மேல் ஒட்டியிருக்கும் தாளில் 450 வாட் என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அதை விட்டுவிட்டு, கட்டத்துக்குள் சின்ன எழுத்தில் +12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 14 ஆம்பியர் என்று இருந்தால் 12ஐ 14ஆல் பெருக்குங்கள். 168 வாட்தான் வரும். இன்றைய கம்ப்யூட்டரில் பிராசசர், ஃபேன், கிராபிக்ஸ் கார்டு என்று அதிகம் இழுப்பவை எல்லாம் அந்த 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. உங்கள் மகளின் பிராசசருக்கு இன்றைக்கு 168 வாட் போதும் என்பது உண்மை. ஆனால் தாளில் இப்படிக் கூட்டி எழுதியவர், உள்ளே கெபாசிட்டரிலும் பாதுகாப்புச் சர்க்யூட்டிலும் கை வைத்திருக்கமாட்டார் என்று நான் எப்படி நம்புவது?

2011இல் ஓர் ஆசிரியருக்கு இதே மாதிரிக் கேபினட்டில் கம்ப்யூட்டர் பூட்டிக் கொடுத்தேன். பணம் இல்லை என்றார், நானும் சரி என்றுவிட்டேன். எட்டு மாதத்தில் எஸ்எம்பிஎஸ் வெடித்து, ஹார்ட் டிஸ்க்கையும் கூடவே கொண்டுபோனது. அவருடைய மகளின் கல்யாணப் படங்கள் எல்லாம் அதில் இருந்தன. அவர் என்னை ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. ஆனால் அன்றிலிருந்து சேர்த்து விற்கும் எஸ்எம்பிஎஸ்ஸை நான் யாருக்கும் பூட்டிக் கொடுப்பதில்லை.

ஆகவே 5,000 ரூபாயை ஏறக்குறையச் சரிபாதியாகப் பிரியுங்கள். ஒரு பாதியில், மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்பதற்கான 80 பிளஸ் முத்திரை உள்ள 400 அல்லது 450 வாட் எஸ்எம்பிஎஸ். மறு பாதியில் வெறும் கேபினட்.

இனி மகளின் ஆசை. தான் பூட்டியதைத் தானே பார்க்க வேண்டும் என்று ஒரு பெண் நினைப்பதில் தவறே இல்லை. பக்கவாட்டுக் கண்ணாடி இருக்கட்டும். முன்பக்கக் கண்ணாடி மட்டும் கூடாது. கேபினட் மூச்சு விடுவது முன்பக்கத்தால்தான். முன்னால் இரண்டு ஃபேன் வைத்து, அவற்றின் முகத்தில் கண்ணாடியை அறைந்துவிட்டால், ஓரத்தில் இருக்கும் விரற்கடை இடுக்கு வழியாகத்தான் காற்று நுழைய வேண்டும். சித்திரை வெயிலில் கோவில்பட்டியில் அறைக்குள்ளேயே அனல் அடிக்கும். அந்தக் காற்றையும் உள்ளே விடாமல் அடைத்துவைத்தால் பிராசசர் சூடேறி, தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கொடுத்த காசுக்கு உண்டான வேகம் கிடைக்காது. முன்பக்கம் முழுக்கக் கம்பிவலையாக உள்ள கேபினட் இதே விலைக்குக் கிடைக்கிறது.

கடைக்கு மகளையும் அழைத்துச் செல்லுங்கள். பெட்டிமேல் அச்சிட்ட படத்தைப் பார்த்து முடிவெடுக்காமல், ஒன்றைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பக்கவாட்டுக் கதவுகள் இரண்டையும் கழற்றியபின், வெறும் சட்டத்தின் எதிரெதிர் மூலைகளைப் பிடித்து மெல்ல முறுக்கிப் பார்க்கட்டும். அரை மில்லிமீட்டர்த் தகடு பப்படம்போல வளைந்துகொடுக்கும். அப்படி வளைந்த சட்டத்தில் மதர்போர்டின் துளைகள் நேராக உட்காராது. கதவும் சில மாதத்தில் உறுமத் தொடங்கும். அடுத்து, ஹார்ட் டிஸ்க் கூண்டின் ஓரத்தில் விரலை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். ஓரம் மடித்திருந்தால் நல்லது. மடிக்காத தகடு பிளேடுதான். என் வலது பெருவிரலில் இருக்கும் தழும்பு அப்படி வந்தது. பிறகு பின்பக்கம், கார்டு சொருகும் இடத்தை மூடியிருக்கும் பட்டைகள். ஸ்குரு போட்டுக் கழற்றி மாட்டும் பட்டையா, ஒடித்து எறியும் பட்டையா? ஒடித்துவிட்டால் திரும்ப மூட வழியில்லை. அந்தச் சந்து கரப்பானுக்கும் பல்லிக்கும் வாசலாகிவிடும்.

அளவைப் பற்றி அதிகம் குழம்ப வேண்டாம். மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு அதிகபட்சம் 244 மி.மீ. சதுரம். அதற்கான சிறிய கேபினட்டிலும் உட்காரும், பெரிய ஏடிஎக்ஸ் கேபினட்டிலும் உட்காரும். பிராசசரைக் குளிர்விக்க அதோடு வந்த கூலர் 54 மி.மீ. உயரம்தான். பின்னாளில் உயரமான கோபுரக் கூலரோ கிராபிக்ஸ் கார்டோ போட நினைத்தால், கூலருக்கு 155 மி.மீ. உயரமும் கார்டுக்கு 300 மி.மீ. நீளமும் இடம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வண்ண விளக்கு எரியும் ஃபேன் மூன்று இலவசம் என்றால் அவற்றின் வயரைப் பாருங்கள். நான்கு தடித்த முள் உள்ள மோலெக்ஸ் வயரில் மட்டும் ஓடும் ஃபேன் எப்போதும் முழு வேகத்தில்தான் சுற்றும். இரவில் படிக்கிற பிள்ளைக்கு அந்த இரைச்சல் தொல்லை. மதர்போர்டில் சொருகும் சாதாரணக் கறுப்பு ஃபேன் இரண்டு, முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாகப் போதும். சட்டத்தின் குறுக்குக் கட்டைகள் தெரியும் பக்கம்தான் காற்று வெளியேறும் பக்கம். முன் ஃபேனில் அது உட்புறம் பார்க்க வேண்டும், பின் ஃபேனில் வெளிப்புறம்.

பூட்டும்போது ஒரே ஓர் இடத்தில் மகளை நிதானிக்கச் சொல்லுங்கள். மதர்போர்டு தகட்டில் நேரடியாக உட்காராது. ஸ்டாண்ட்ஆஃப் என்கிற சின்னப் பித்தளைக் கால்கள்மேல்தான் உட்காரும். போர்டின் துளைகளை எண்ணி, அவற்றுக்கு நேரே மட்டும் அந்தக் கால்கள் இருக்க வேண்டும். துளை இல்லாத இடத்தில் ஒரு கால் கூடுதலாக இருந்தால், அது போர்டின் முதுகில் உள்ள ஈயத்தைத் தொட்டு ஷார்ட் ஆக்கிவிடும். ஒருமுறை பொறியியல் மாணவர் ஒருவர், புதுப் போர்டு செத்துவிட்டது என்று கண் கலங்க வந்து நின்றார். போர்டைத் தூக்கிப் பார்த்தால் நடுவில் ஒரு பித்தளைக் கால் சும்மா நின்றுகொண்டிருந்தது. கழற்றினேன், ஓடியது. எல்லாப் போர்டுக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்க்காது.

விலை குறைந்த போர்டுகள் பல, அகலத்தில் 244 மி.மீ.க்கும் குறைவாக இருக்கும். அவற்றின் வலது ஓரத்துக்கு அடியில் தாங்கும் கால் கிடையாது. போர்டுக்கு மின்சாரம் தரும் 24 முள் வயரை அங்கே அழுத்தும்போது போர்டு வளையும். மறு கையால் ஓரத்தைத் தாங்கிக்கொண்டு அழுத்த வேண்டும். முன்பக்க யுஎஸ்பி 3.0 வயரையும் நேராகப் பிடித்துத்தான் சொருக வேண்டும். அதன் 19 முள்ளில் ஒன்று வளைந்தாலும் நிமிர்த்துவது பெரும்பாடு.

கண்ணாடிக் கதவைக் கழற்றினால் துணிமேல் படுக்கவையுங்கள். டைல்ஸ் தரையில் மூலை லேசாக இடித்தாலே டெம்பர்டு கண்ணாடி முழுதும் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். நடுவில் தட்டினால் தாங்கும், மூலை தாங்காது.

கேள்வி: 2007இல் வாங்கிய இரும்புக் கேபினட் ஒன்று பரணில் கிடக்கிறது. இன்றைய மதர்போர்டை அதில் பூட்ட முடியுமா? – வாசகர், நாகப்பட்டினம்

பதில்: தாராளமாக முடியும் ஐயா. ஏடிஎக்ஸ் அளவை இன்டெல் 1995இல் வகுத்தது. துளைகளின் இடம் இன்றைக்கும் அதேதான். அந்தக் காலத்துத் தகடு இன்று 2,000 ரூபாய்க்குக் கிடைப்பதைவிடக் கனமாகவே இருக்கும். ஆனால் உங்கள் ஊரும் என் ஊரைப்போலக் கடலோரம். உட்புறம் பெயிண்ட் இல்லாத பழைய கேபினட்டை உப்புக்காற்று அரித்திருக்கும். துருப்பொடி போர்டுமேல் உதிரும் நிலையில் இருந்தால் விட்டுவிடுங்கள். மேலோட்டமான துரு என்றால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பெயிண்ட் அடித்து, நன்றாகக் காயவைத்துவிட்டுப் பயன்படுத்தலாம்.

பழைய எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் கண்டிப்பாகத் தூக்கிப் போட்டுவிடுங்கள். பின்பக்கம் பெரும்பாலும் 80 மி.மீ. ஃபேனுக்குத்தான் இடம் இருக்கும். கிராபிக்ஸ் கார்டு போடாத கம்ப்யூட்டருக்கு அது போதும். முன்பக்க யுஎஸ்பி 2.0 வயர் புதுப் போர்டிலும் சேரும். ஆடியோவுக்கு இரண்டு வயர் தொங்கினால் ஹெச்டி ஆடியோ என்று எழுதியதை மாட்டுங்கள்.

கேள்வி: கம்ப்யூட்டர் கேபினட்டின் ஸ்குருவைத் தொட்டால் சுர்ரென்று ஷாக் அடிக்கிறது. கேபினட்டை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றினால் சரியாகுமா? – வாசகர், தென்காசி

பதில்: ஆகாது. அருள்கூர்ந்து இதை அலட்சியம் செய்யாதீர்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் வாயிலில் மின்இரைச்சலை வடிகட்ட இரண்டு கெபாசிட்டர்கள் வைத்திருப்பார்கள். ஒன்று ஃபேஸிலிருந்து உலோக உடலுக்கு, மற்றொன்று நியூட்ரலிலிருந்து உடலுக்கு. வீட்டில் எர்த் சரியாக இருந்தால் அதன் வழியே கசியும் சொற்ப மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் போக வழியின்றி, கேபினட்டின் உடல் 230 வோல்ட்டில் ஏறக்குறையப் பாதியில் நிற்கும். செருப்பில்லாமல் தரையில் நின்று தொட்டால் சுர்ரென்னும். கேபினட்டை எத்தனை முறை மாற்றினாலும் இது தொடரும்.

பெரும்பாலும் காரணம் இதுதான் என்றாலும், உள்ளே வயர் உரசி முழு மின்சாரமே உடலில் பாய்ந்தாலும் ஷாக் அடிக்கும். எது என்று தெரியும்வரை பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். எலக்ட்ரீஷியனை அழைத்து, அந்த பிளக் பாயின்ட்டின் எர்த் முனை உண்மையிலேயே மண்ணில் புதைத்த எர்த் குழிவரை போகிறதா என்று அளக்கச் சொல்லுங்கள். பழைய வீடுகளில் மூன்று துளை பிளக் இருக்கும், மூன்றாவது துளைக்குப் பின்னால் வயரே இருக்காது. சிலர் சுலபமாக முடிக்க நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்து முறுக்கிவிடுவார்கள். நியூட்ரல் எங்காவது அறுந்தால் 230 வோல்ட்டும் கேபினட்டின் உடலுக்கு வந்துவிடும். அதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள்.

கேள்வி: வெயில் காலத்தில் கேபினட்டின் கதவைக் கழற்றிவிட்டு, எதிரே டேபிள் ஃபேன் வைத்து ஓட்டுகிறேன். தவறா? – மாணவர், விருதுநகர்

பதில்: தம்பி, இரண்டு நாளுக்குச் சமாளிக்கலாம், வழக்கமாக்கிக்கொள்ளாதே. டேபிள் ஃபேன் தெருப்புழுதியைக் கூலரின் இடுக்குகளில் திணிக்கும், மறு மாதம் முன்பைவிட அதிகமாகச் சூடாகும். கதவைத் திறந்தால் சூடு வெகுவாகக் குறைகிறது என்றால், கேபினட்டுக்குள் காற்று போகவில்லை என்று பொருள். கதவை மாட்டிவிட்டு முன்பக்க மூடியை மட்டும் கழற்றி ஓட்டிப் பார். சூடு இறங்கினால், அந்த பிளாஸ்டிக் மூடிக்குப் பதிலாகக் கொசுவலைக் கடையில் கிடைக்கும் நைலான் வலையை அளவாக வெட்டி ஒட்டிவிடு. முன்னால் 120 மி.மீ. ஃபேன் ஒன்றும் வேண்டும். ஐம்பது ரூபாய் வலையும் சில நூறு ரூபாய் ஃபேனும் போதும், புதுக் கேபினட் வேண்டாம். வலையை மாதம் ஒருமுறை கழற்றித் தண்ணீரில் அலசி, ஈரம் போகக் காயவைத்து மாட்டு.