எந்த மருந்து கேட்கும்? பயாப்சி திசுவிடம்தான் கேட்க வேண்டும்

கேள்வி: அப்பாவுக்கு வயது 64. நுரையீரலில் அடினோகார்சினோமா என்ற வகைப் புற்றுநோய், நான்காம் நிலை என்று பயாப்சியில் வந்திருக்கிறது. திசுவை மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பியிருப்பதாகவும், இரண்டு வாரம் பொறுக்கும்படியும் மருத்துவர் சொல்கிறார். நோய் தெரிந்த பிறகும் சும்மா இருக்கப் பயமாக இருக்கிறது. கீமோவை உடனே தொடங்கச் சொல்லலாமா? கட்டியின் செல்களை ஆய்வகத்தில் வளர்த்து, அவற்றின் மேல் மருந்தை விட்டு எது கேட்கும் என்று பார்ப்பார்களாமே, அதைச் செய்யலாமா?

பதில்: உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அப்பா ஓரளவு நடமாடிக்கொண்டு, மூச்சு சிரமமில்லாமல் இருந்தால் பொறுங்கள் என்றுதான் நானும் சொல்வேன்.

காரணம் இதுதான். ஈ.ஜி.எஃப்.ஆர் என்ற மரபணுவில் மாற்றம் உள்ள கட்டிகளுக்கென்று மாத்திரைகள் இருக்கின்றன. அவற்றில் பழையது ஜெஃபிடினிப். கிழக்கு ஆசியாவில் நடந்து 2009-இல் வெளியான ஐபாஸ் ஆய்வில் இதைக் கீமோவோடு ஒப்பிட்டார்கள். மாற்றம் இருந்தவர்களில் 100-க்கு 71 பேருக்கு மாத்திரையால் கட்டி சுருங்கியது. கீமோவால் 47 பேருக்கு. மாற்றம் இல்லாதவர்களுக்கோ மாத்திரை 100-இல் ஒருவருக்குத்தான் கேட்டது. கீமோ 23 பேருக்குக் கேட்டது. அதே நோய், அதே மாத்திரை, ஒருபக்கம் 71, மறுபக்கம் 1. திசுக்களைப் பரிசோதிப்பதுதான் என் வேலை. ஆனாலும் நுண்ணோக்கியில் பார்த்தால் இந்த இரண்டு வகைக் கட்டிகளையும் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. மரபணுவைப் பார்த்தால்தான் தெரியும். ‘அப்பா புகைபிடித்தவர், அவருக்கு அந்த மாற்றம் இருக்காது’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வாய்ப்பு குறைவு, அவ்வளவுதான்.

இடையில் ஒரு அவசரம் வரக்கூடும். பி.டி.எல்.1 என்ற சோதனை, புற்றுசெல்லின் மேலுள்ள ஒரு புரதத்தைச் சாயமேற்றிப் பார்ப்பது என்பதால் அதன் முடிவு சீக்கிரம் வந்துவிடும். அந்தப் புரதம் உள்ள செல்கள் 50 சதவீதத்துக்கு மேல் என்று வந்தால், உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் இம்யூனோதெரபியை உடனே போட்டுவிடலாமே என்று தோன்றும். ஈ.ஜி.எஃப்.ஆர், ஏ.எல்.கே என்ற மரபணுக்களின் முடிவுகள் வரும்வரை அதை மட்டும் தள்ளிப்போடச் சொல்லிக் கேளுங்கள். ஈ.ஜி.எஃப்.ஆர் மாற்றம் உள்ள கட்டிக்கு இம்யூனோதெரபி பெரும்பாலும் கேட்பதில்லை. அதைப் போட்ட கையோடு, ஈ.ஜி.எஃப்.ஆர் மாற்றத்துக்கான ஒசிமெர்டினிப் மாத்திரைக்கு மாறினால் நுரையீரல் அழற்சி வரும் ஆபத்தும் கூடுகிறது. மூச்சுத் திணறல் அதிகமாகிறது, இருமலில் ரத்தம் வருகிறது என்றால் காத்திருக்க முடியாது. அப்போது முதல் சுற்றுக் கீமோவை மட்டும் கொடுத்துவிட்டு, மற்றதை முடிவு வந்த பின் சேர்ப்பார்கள். அதில் தவறில்லை.

சரி, ஏன் இவ்வளவு நாள்? ஊசி பயாப்சியில் எங்கள் மேசைக்கு வருவது பென்சில் கரியின் தடிமனில், ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு இழை. அதை ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் குறைந்தது ஆறு மணி நேரம் ஊறவைத்து, மெழுகில் பதித்து, 4 மைக்ரான் தடிமனில் சீவுவோம். பிறகு சாயமேற்றிய ஸ்லைடில் புற்றுசெல்கள் இருக்கும் இடத்தைப் பேனாவால் வட்டமிடுவேன். வட்டத்துக்குள் இருப்பதைச் சுரண்டித்தான் டி.என்.ஏ எடுக்க வேண்டும். சில இழைகளில் பாதிக்கு மேல் தழும்பும் அழற்சி செல்களுமாக இருக்கும். புற்றுசெல் 20 சதவீதமாவது இல்லாவிட்டால், பல ஆய்வகங்களில் மாற்றம் இருந்தும் தவறிப்போகலாம்.

அதனால் ரிப்போர்ட்டில் ஒரு வார்த்தையைக் கவனமாகப் படியுங்கள். ‘மாற்றம் இல்லை’ என்பது வேறு, ‘திசு போதவில்லை’ என்பது வேறு. இரண்டாவதை முதலாவதாக எடுத்துக்கொண்டு, மாத்திரைக்கு வழியில்லை என்று குடும்பங்கள் மனம் விட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு மிகவும் வலிக்கும் விஷயம் அது. திசு போதாவிட்டால் ரத்தத்தில் கலந்திருக்கும் கட்டியின் டி.என்.ஏ-வைத் தேடலாம். அதில் மாற்றம் தெரிந்தால் நம்பி மருந்து தொடங்கலாம். தெரியாவிட்டால் இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. மறுபடி பயாப்சி தேவைப்படலாம். நுரையீரலைச் சுற்றி நீர் கோத்து அதை எடுக்கிறார்கள் என்றால், அந்த நீரிலுள்ள செல்களையும் சோதிக்க முடியும். எலும்பிலிருந்து திசு எடுத்தால், மரபணுச் சோதனை செய்யப் போவதை முன்கூட்டியே ஆய்வகத்துக்குச் சொல்ல வேண்டும். எலும்பை இளக்கும் அமிலம் டி.என்.ஏ-வைச் சிதைத்துவிடும்.

செல்களை வளர்த்து மருந்து விட்டுப் பார்க்கும் சோதனை வேண்டாம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கம் இதை 2004-இலும் 2011-இலும் அலசிப் பார்த்து, ஆராய்ச்சிக்கு வெளியே இதை வைத்து மருந்தைத் தேர்வு செய்ய வேண்டாம் என்றது. தட்டில் வளரும் செல்லுக்கு ரத்த ஓட்டமும் கிடையாது, எதிர்ப்பு செல்களும் கிடையாது. அங்கே சாகும் செல் உடம்புக்குள் சாகும் என்று சொல்ல முடிவதில்லை. அப்புறம், அதற்கு உயிருள்ள திசு வேண்டும். ஃபார்மலினில் போட்டது உதவாது. அதற்காக இன்னொரு முறை ஊசி குத்துவதில் அர்த்தமில்லை.

மருத்துவரிடம் ஒன்று கேளுங்கள்: எல்லா மரபணுக்களையும் ஒரே சோதனையில் பார்க்கிறார்களா, ஒவ்வொன்றாகவா? ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஆர்.ஓ.எஸ்.1, பி.ராஃப், மெட், ரெட், கே.ராஸ் வரை போவதற்குள் அந்த இழை தீர்ந்துவிடும். மீதமிருக்கும் மெழுகு பிளாக் எந்த ஆய்வகத்தில் இருக்கிறது, அதன் எண் என்ன என்பதையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வேறு இடத்தில் கருத்துக் கேட்கப் போனால் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.