இல்லாத காலில் வலி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

சுகரால் அப்பாவின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். இப்போது இல்லாத கட்டைவிரல் எரிகிறது என்று ராத்திரி எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். பாராசிட்டமால் கேட்கவில்லை. பிரமையா? (கோத்தகிரி)

பிரமை இல்லைம்மா. அவர் சொல்வதை அப்படியே நம்புங்கள். கால் போனாலும் அதற்கான இடம் மூளையில் இருக்கிறது. வெட்டுப்பட்ட நரம்பு நுனிகளும் சும்மா இருப்பதில்லை. உறுப்பு எடுத்தவர்களில் பாதிப் பேருக்கு மேல் இந்த வலி வருகிறது.

பாராசிட்டமால் இந்த நரம்பு வலியைப் பெரும்பாலும் தொடாது. கபாபென்டின், பிரீகாபலின், அமிட்ரிப்டிலின் போன்றவற்றைத்தான் முயன்று பார்க்கிறோம். கடையில் 'நரம்பு மாத்திரை' என்று கேட்டால் வைட்டமின் பி தருவார்கள், அது வேறு. கபாபென்டின் சிறுநீரகம் வழியாக வெளியேறுவது. சுகர்காரர் என்பதால் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்த பிறகே அளவை முடிவு செய்ய வேண்டும். பெரும்பாலும் இரவில் 100 அல்லது 300 மி.கி. என்று தொடங்கி மெல்ல ஏற்றுவோம். பலன் தெரியச் சில வாரம் ஆகும், நாலே நாளில் கைவிட்டுவிடாதீர்கள். எல்லோருக்கும் கேட்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆய்வு முடிவுகளும் ஒன்றுபோல் இல்லை.

எனக்குப் பெரிய கவலை தலைசுற்றல்தான். நம் மலை வீடுகளில் வாசலைத் தாண்டினாலே படி. ஊன்றுகோலோடு, தூக்கக் கலக்கத்தில், ராத்திரி அவரைத் தனியாக வெளியே விடாதீர்கள்.

அமிட்ரிப்டிலின் மனநோய் மாத்திரையாமே? (குன்னூர்)

மனச்சோர்வுக்கும் தருவார்கள், அதிக அளவில். வலிக்கு இரவில் 10 மி.கி. போலத் தொடங்குவோம். அதனால் பயப்பட வேண்டாம். ஆனால் இதயக் கோளாறு, கண் அழுத்தம், சிறுநீர் அடைப்பு இருந்தால் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

வலி குறைந்ததும் பிரீகாபலினை நிறுத்திவிட்டேன். இரண்டு நாளாகத் தூக்கமே இல்லை, படபடப்பு. (கூடலூர்)

திடீரென்று நிறுத்தியதால் இருக்கலாம். மறுபடி நீங்களாகத் தொடங்காமல் இன்றே டாக்டரைப் பாருங்கள். படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். சாராயம் கூடவே கூடாது, மூச்சு அடங்கிப்போகும்.

உறைபனிக் காலத்தில் வலி கூடுகிறது. அந்த இரண்டு மாதம் மட்டும் மாத்திரையைக் கூட்டலாமா? (ஊட்டி)

நீங்களாகக் கூட்டாதீர்கள். வெட்டிய முனையைக் கம்பளி உறையால் மூடி வையுங்கள். கரி அடுப்புப் பக்கம் நீட்டாதீர்கள், உணர்ச்சி குறைந்த தோல் வெந்தாலும் தெரியாது. கண்ணாடிப் பயிற்சியும், அதாவது நல்ல காலின் பிம்பத்தை இல்லாத காலின் இடத்தில் கண்ணாடியில் பார்த்தபடி அதை அசைப்பதும், சிலருக்கு உதவுகிறது. தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியலாளர் வி. எஸ். ராமச்சந்திரன் 1990களில் முன்வைத்தது. அப்புறம், முனை சிவந்தாலோ, சீழ் வைத்தாலோ, தொட்டால் சுரீர் என்றாலோ பனி மேல் பழி போடாமல் உடனே காட்டுங்கள்.