மார்க் அட்டையைக் கூட்டமும் பார்க்கட்டும்

கேள்வி: எங்கள் கிளப்பில் ஆண்டுதோறும் சிறுவர் ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டி நடத்துகிறோம். பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டால் பெற்றோர் சண்டைக்கு வருகிறார்கள். சர்வதேச முறைக்கு மாறி 12.433 என்று அறிவித்தால் கூட்டம் திருதிருவென விழிக்கிறது. எந்த முறை நல்லது?

பதில்: இரண்டும் வேண்டாம். உயரத்திலிருந்து நீரில் பாயும் டைவிங்காரர்களிடம் கடன் வாங்குங்கள்.

பத்து மார்க்கின் பலம், அதற்கு ஓர் உச்சி இருந்ததுதான். 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் ருமேனிய வீராங்கனை நாடியா கோமனேச்சி முழு மார்க் வாங்கியபோது, அந்த எண்ணைக் காட்ட ஸ்கோர்போர்டில் இடமில்லாமல் 1.00 என்று விழுந்தது. அரங்கத்துக்கு விளக்கமே தேவைப்படவில்லை. ஆனால் 2004 ஏதென்ஸில் ஒரு வீரரின் தொடக்க மதிப்பை (பிழையே இல்லாமல் செய்தால் கிடைக்கக்கூடிய உச்ச மார்க்கை) 0.1 குறைவாகப் போட்டுவிட, பதக்கத் தகராறு விளையாட்டுத் தீர்ப்பாயம் வரை போனது. 2006-இல் உச்சியை எடுத்துவிட்டுக் கடினத்துக்குத் தனி மார்க், செய்நேர்த்திக்குத் தனி மார்க் என்று கூட்டினார்கள். நியாயம் கூடியது, சரி. ஆனால் 15.066 நல்ல மார்க்கா என்று கேட்டால் பார்ப்பவருக்குச் சொல்லத் தெரியாது.

டைவிங்கில் நடுவர்கள் இன்றும் பத்துக்குத்தான் போடுகிறார்கள். உங்களுக்கு ஐந்து நடுவர் போதும். 6.5, 7, 7, 7.5, 9 என்று வருகிறதா? பெரியதையும் சிறியதையும் அடித்துவிடுங்கள். அந்த 9 போட்டவர் பையனுக்கு மாமாவாகவே இருந்தாலும் கவலையில்லை. மீதி 7, 7, 7.5. கூட்டினால் 21.5. அதை அந்த வித்தையின் கடின அளவால் (எவ்வளவு கடினம் என்று முன்பே குறித்த எண்) பெருக்குங்கள்; அது 2.0 என்றால் 43.

இங்கே கூட்டாமல் பெருக்குவதில்தான் சூட்சுமம். கூட்டினால் கடினத்தின் மார்க், சொதப்பினாலும் கைக்கு வந்துவிடும்; பிள்ளைகள் தயாராகாத வித்தையில் இறங்குவார்கள். பெருக்கினால் 3.0 வித்தையை 4, 4, 4 என்று முடித்தவருக்கு 36, 2.0 வித்தையை 8, 8, 8 என்று முடித்தவருக்கு 48.

எதற்கு மார்க்கோ அதைத்தான் செய்வார்கள். பனித்தளத்தில் ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங்கில் ஆட்டத்தின் இரண்டாம் பாதியில் தாவினால் 10 சதவீதம் கூடுதல் என்ற விதி இருந்தது. 2018 ஒலிம்பிக்கில் ரஷ்ய வீராங்கனை அலினா ஸகிடோவா ஃப்ரீ ஸ்கேட் என்னும் நீண்ட ஆட்டத்தின் எல்லாத் தாவல்களையும் அங்கேயே வைத்துத் தங்கம் வென்றார். அவர்மேல் தப்பே இல்லை, விதி அப்படி. அப்புறம் அந்தச் சலுகையைக் கடைசித் தாவல்கள் சிலவற்றுக்கு மட்டும் என்று சுருக்கினார்கள். ஆகவே கடின அளவுப் பட்டியலை எழுதும்போது, பிள்ளைகள் எதைப் பழக வேண்டும் என்று பயிற்சியாளரைக் கேட்டு எழுதுங்கள். ஒரு மாதம் முன்பே சுவரில் ஒட்டிவிடுங்கள்.

போட்டியன்று மார்க்கை அட்டையில் எழுதி ஐந்து பேரும் ஒரே நேரத்தில் தூக்கிக் காட்டட்டும். அடித்த எண்களும் பலகையில் தெரியட்டும். மறைத்தால்தான் சந்தேகம் வரும். எட்டு வயதுக்குக் கீழே இருக்கும் குட்டிகளுக்குக் கடின அளவே வேண்டாம், வெறும் பத்து மார்க் போதும்.